நிழலில்தானே நடந்தோம், டாக்டர்?

கிளினிக் மேசையில் மறுபடியும் ஒரு பக் நாய். வயது 4, எடை பதினொன்றரை கிலோ. அந்த உடம்புக்கு எட்டு கிலோ இருந்தால் போதும். நாக்கு கத்தரிப்பூ நிறம். தெர்மாமீட்டரில் 108 டிகிரி ஃபாரன்ஹீட். கூடவே அந்த வாசகம்: “வெயில்ல கூட்டிட்டே போகலை டாக்டர். ரெண்டு பக்கமும் மரம். நிழல்லதான் நடந்தோம்.”

கோடை தொடங்கினால் இந்த வாசகம் கிளினிக்குக்குள் வந்துகொண்டே இருக்கிறது. சென்னையின் பெசன்ட் நகர் அவென்யூவிலிருந்து வருகிறது, அடையாறு காந்தி நகரிலிருந்து வருகிறது, அண்ணா நகரின் தூங்குமூஞ்சி மரத்தடிகளிலிருந்து வருகிறது. உச்சி வெயிலில் தார் ரோட்டில் நாயை இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்பது இன்று அநேகமாக எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், எங்களிடம் வரும் வெப்பத் தாக்குக் கேஸ்களில் பல, கவனமானவர்கள் வீட்டு நாய்கள். மேடு பள்ளமில்லாத பாதை, மரநிழல், அரை மணி நேர நடை. பயப்பட ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும் நடை.

நிழல் என்ன செய்யும்? வெயில் நேராக முதுகில் விழாமல் தடுக்கும், தரை சூடேறாமல் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. நடக்கும் நாயின் தசைகள் உள்ளே உண்டாக்கும் சூட்டை நிழல் வெளியே எடுக்காது. அதை எடுக்க வேண்டியது மூச்சு. நமக்கு உடம்பு முழுக்க வேர்க்கிறது; நாய்க்குப் பாத மெத்தைகளில் கொஞ்சம் வேர்க்கும், அது பேருக்குத்தான். நாக்கும் வாயும் மூக்கின் உட்புறமும் நனைந்திருக்க, அந்த ஈரம் காற்றில் ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் இருக்க வேண்டும்.

மதுரையில் சில்லென்று இருக்கும் மண்பானைத் தண்ணீர், அதே மே மாதத்தில் சென்னையில் ஏன் அவ்வளவு சில்லிடுவதில்லை? பானை அதே பானைதான். இங்கே காற்றில் ஏற்கெனவே கடல் ஈரம். பானையின் மேல் கசியும் தண்ணீர் ஆவியாகாமல் அப்படியே வியர்த்து நிற்கிறது. உங்கள் நாயின் நாக்கும் அந்தப் பானைதான். நிழலில் வைத்துவிட்டதால் பானை குளிர்ந்துவிடாது. காற்று உலர்வாக இருந்து, அது வீசவும் வேண்டும். அடர்ந்த மரங்கள், இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர், வரிசையாக நிற்கும் கார்கள் என்றிருக்கும் தெருவில் காற்று எங்கிருந்து வீசும்? நீங்கள் “ஆஹா, என்ன நிழல்” என்று சட்டையை உதறிக்கொள்கிறீர்கள். நாய் அதே ஈரக் காற்றை இழுத்து அதே ஈரத்தோடு வெளியே விடுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூச்சிரைப்பதே ஓர் உழைப்பு. நெஞ்சுத் தசைகள் வேலை செய்து அவையும் சூட்டை உண்டாக்கும். மூக்கு நசுங்கிய நாய், குறுகிய மூச்சுப் பாதை வழியாகக் காற்றை இழுக்க இரட்டிப்பாக உழைக்கிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு இரைக்க இரைக்கச் சூடு ஏறுமே தவிர இறங்காது.

“அதனாலதான் டாக்டர் காலையிலேயே போறோம்” என்பார்கள். நல்லதுதான். ஆனால் ‘காலை’ என்றால் எத்தனை மணி? கத்திரி வெயில் காலத்தில் சென்னையில் இரவின் குறைந்தபட்ச வெப்பமே 28 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. காற்றின் ஈரம் ஒரு நாளில் மிக அதிகமாக இருப்பதும் விடியற்காலையில்தான். அந்த நேரத்தில் வெப்பம் குறைவு என்பதால் சமாளிக்க முடிகிறது. எட்டு மணிக்கு அந்தச் சலுகையும் போய்விடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஐந்தரைக்குக் கிளம்பி ஆறரைக்குள் வீட்டுக்குள் இருங்கள். மாலையில் சூரியன் மறைந்த உடனே இறங்காதீர்கள். தாரும் கான்கிரீட்டும் பகல் முழுக்கக் குடித்த சூட்டை அப்போதுதான் கக்கிக்கொண்டிருக்கும். புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியவில்லையென்றால் திரும்பிப் போங்கள். இரவு ஏழரை, எட்டு மணிக்குப் போகலாம். கோடை மழை பத்து நிமிடம் பெய்துவிட்டுப் போன மறுநாள் காலை இன்னும் மோசம். குளிர்ந்துவிட்டது என்று எல்லோரும் நாயைக் கூட்டிக்கொண்டு இறங்குவார்கள். தரை ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.

தயிர் சாதத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “தயிர் சாதம் சாப்ட்டுதான் போனான், உடம்பு குளிர்ச்சியாத்தான் இருக்கும்.” வயிற்றில் இருக்கும் தயிர் சாதம் நடக்கும் நாயின் சூட்டை இறக்காது. நிறைந்த வயிறு நுரையீரல் விரிய இடம் கொடுக்காது என்பது ஒரு பக்கம். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போல நெஞ்சு ஆழமான இனங்களுக்கு நிறையச் சாப்பிட்ட உடனே ஓட்டமும் குதியாட்டமும் என்றால் வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து இன்னொரு பக்கம். நடந்து வந்து, இரைப்பு அடங்கி, அரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு போடுங்கள். அதே மாதிரிதான் மொட்டையடிப்பதும். ஹஸ்கிக்கும் கோல்டன் ரிட்ரீவருக்கும் முடியை ஒட்ட வெட்டிவிட்டால் குளிரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உதிர வேண்டிய உள்முடியைச் சீவி எடுத்தாலே போதும்.

யாருக்கு ஆபத்து அதிகம்? பக், புல்டாக், ஃப்ரெஞ்ச் புல்டாக், ஷிட்சு, பாக்ஸர், பெக்கினீஸ் என்ற நசுங்கிய மூக்குக் கூட்டம் முதலில். இவற்றுக்குக் கோடையில் ஒரு நடை என்றால் 10, மிஞ்சினால் 15 நிமிடம். அதுவும் கழுத்துப் பட்டையில் இழுக்காமல், நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸில். அடுத்தது குண்டு நாய்கள்; விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்படவில்லையென்றால் உங்கள் நாய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பிறகு வயதான லேப்ரடார்கள். குரைக்கும் குரல் கரகரவென்று மாறியிருக்கிறது, மூச்சை உள்ளே இழுக்கும்போது ரம்பம் இழுப்பதுபோல் சத்தம் வருகிறது என்றால் அது வயோதிகம் மட்டும் ஆகாது. குரல்வளை வாசல் சரியாகத் திறக்காமல் இருக்கலாம். நடைக்குக் கூட்டிப் போகும் முன் எங்களிடம் காட்டுங்கள். கடைசியாக, பலர் யோசிக்காத கூட்டம் ஒன்று: நாள் முழுக்க ஏசி அறையில் 24 டிகிரியில் கிடக்கும் நாய்கள். வெப்பத்துக்கு உடம்பு பழகச் சில வாரங்கள் ஆகும். தெருவில் வளர்ந்த நாட்டு நாயும், வாசல் திண்ணையில் படுத்திருக்கும் கன்னி, சிப்பிப்பாறை இன நாய்களும் நடக்கிற தூரத்தை வைத்து உங்கள் வீட்டு ஏசி இளவரசனை அளக்காதீர்கள்.

“அவனேதான் டாக்டர் இழுத்துட்டுப் போனான்.” இழுப்பான். உங்களோடு வெளியே வந்த சந்தோஷத்தில் நாய் தன் அலுப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும். எங்கே பார்ப்பது? நாக்கை. சாதாரணமாக இரைக்கும் நாயின் நாக்கு நீளமாக, ஒல்லியாகத் தொங்கும். சூடு ஏறும்போது நுனி அகன்று கரண்டி மாதிரி விரியும், ஓரங்கள் மேலே மடியும். அங்கேயே நிறுத்துங்கள். அடுத்து எச்சில், தண்ணீராக வடிந்தது கெட்டியாகி நூல் நூலாகத் தொங்கும். ஈறு செங்கல் நிறமாகும். பிறகு நாய் நடையின் நடுவே நிழல் பார்த்துப் படுத்துக்கொள்ளும். இந்த இடத்தில்தான் “அடம் பிடிக்கிறான், சோம்பேறி” என்று பெல்ட்டைச் சுண்டி இழுக்கிறார்கள். தயவுசெய்து இழுக்காதீர்கள். அதற்குத் தெரிந்த ஒரே மொழியில் அது ‘முடியவில்லை’ என்று சொல்லியாகிவிட்டது. அதன் பிறகு வருவது தள்ளாட்டம், வாந்தி, ரத்தம் கலந்த கழிச்சல், வலிப்பு.

அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலும் ஒரு மடக்குக் கிண்ணமும் கையில் இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய். வீடு திரும்பிய பத்து நிமிடத்துக்குள் இரைப்பு அடங்கத் தொடங்க வேண்டும். அடங்கவில்லையென்றால் நடை அதிகமாகிவிட்டது என்று பொருள், நாளைக்குப் பாதியாக்குங்கள். இரைப்பு கூடிக்கொண்டே போனால் கீழே எழுதியிருப்பதை உடனே செய்யுங்கள்.

அதற்கு முன், நாயின் வாயில் மாட்டும் வாய்மூடி பற்றி. 2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வெய்லர்கள் குதறிய பிறகு, அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் வாய்மூடிப் பேச்சுதான். பெரிய நாய்க்குப் பொது இடத்தில் வாய்மூடி போடுங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் கடையில் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று எல்லோரும் வாங்குவது நைலான் துணிப் பட்டை. அது வாயை இறுக்கி மூடிவிடும். ஊசி போடும்போது, நகம் வெட்டும்போது சில நிமிடங்களுக்கு நாங்கள் மாட்டும் சாமான் அது. அதை மாட்டி அரை மணி நேரம் நடத்துவது என்பது, நாய்க்கு இருக்கும் ஒரே ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட விடுவது. நடைக்கு வேண்டியது கூடை வடிவ வாய்மூடி. அளவெடுக்கும்போது நாய் இரைத்துக்கொண்டிருக்க வேண்டும், வாய் முழுதாகத் திறந்த நிலையில் கூடை தாடையை அழுத்தக் கூடாது, மூக்கு நுனிக்கும் கூடைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி வேண்டும். கூடையைப் போட்டபடியே அது தண்ணீர் குடிக்க முடிகிறதா என்று வீட்டில் பாருங்கள். உள்ளே கொஞ்சம் தயிர் தடவி, ஒன்றிரண்டு வாரம் தினமும் சில நிமிடம் பழக்கினால் அதுவே வந்து மூஞ்சியை நுழைக்கும். (தயிருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.)

இனி முதலுதவி. ஒரே வரியில்: முதலில் குளிரவையுங்கள், பிறகு காரில் ஏற்றுங்கள். தூக்கிப் போட்டுக்கொண்டு நேராகக் கிளினிக்குக்கு ஓடி வருகிறார்கள். சிக்னலில் நிற்கும் இருபது நிமிடமும் உடம்பு உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. இருக்கிற இடத்திலேயே கழுத்து, வயிறு, தொடை இடுக்கு, பாதம் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். முடியை விலக்கித் தோல் நனைய வேண்டும். மூக்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். ஒரு குவளை தெளிப்பதால் ஒன்றும் ஆகாது, பக்கெட் கணக்கில் ஊற்றுங்கள். ஊற்றும்போதே ஃபேன். ஃபேன் இல்லாத இடத்தில் அட்டையை வைத்து விசிறுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. மே மாத மதியம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவது ஏறக்குறைய வெந்நீர். முதலில் உங்கள் கையில் விட்டுப் பாருங்கள். சம்ப்பிலிருந்தோ கேன் தண்ணீரிலிருந்தோ எடுங்கள். தோட்டத்து ஓஸ் பைப் வெயிலில் கிடந்திருந்தால் அதில் தேங்கியிருக்கும் சுடுநீர் முழுக்க வெளியேறிய பிறகு நாயின் மேல் திருப்புங்கள். ஐஸ் தண்ணீர் கூடவே கூடாது என்று நாங்களே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது அறிவுரை மாறியிருக்கிறது. இளமையான, வேறு நோயில்லாத, சுயநினைவோடு இருக்கும் நாயைத் தலை மட்டும் வெளியே இருக்கும்படி குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தலாம். வயதான நாய்க்கும் இதயக் கோளாறு உள்ள நாய்க்கும் தண்ணீரும் விசிறியும் போதும். ஐஸ் தேடிக் கடைக்கு ஓடுவதுதான் தவறு.

ஈரத் துண்டைப் போர்த்தாதீர்கள். போர்த்திய சில நிமிடத்தில் துண்டு சூடாகி, கம்பளி செய்யும் வேலையைச் செய்யும். வாயைத் திறந்து தண்ணீர் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும். “காய்ச்சல் அடிக்குது” என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலைக் கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் கிடையாது, மாத்திரைக்கு இறங்காது. ஏற்கெனவே அடி வாங்கிக்கொண்டிருக்கும் கல்லீரலுக்கு அது இன்னோர் அடி.

நாயின் இயல்பான வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால், நுனியில் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 103க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தேவைக்கு மேல் இறங்கிவிடும். பிறகு ஈர உடம்போடு, காரில் ஏசியை முழுதாக வைத்துக் கிளம்புங்கள். கிளம்பும்போதே போன் செய்துவிட்டால் நாங்கள் ஆக்சிஜனும் டிரிப்ஸும் தயாராக வைத்திருப்போம்.

“எழுந்து உட்கார்ந்துட்டான், வாலாட்டுறான், அதனால கூட்டிட்டு வரலை” என்று இரண்டாம் நாள் போன் வரும். அதற்குள் வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், தார் மாதிரி மலம். ரத்தம் உறைவதில் கோளாறு, சிறுநீரகப் பாதிப்பு, கல்லீரல் பாதிப்பு எல்லாம் ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் மெதுவாகத் தலை காட்டும். நாய் தேறிவிட்டதாகத் தோன்றினாலும் அன்றே கொண்டுவாருங்கள், ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

ஒரு பணிவான வேண்டுகோள். இதைப் படிக்கிற பலர் வீட்டில் நாயை நடத்துவது நீங்கள் இல்லை. மாதச் சம்பளத்துக்கு வரும் ஒரு தம்பி. ஒரே நேரத்தில் மூன்று நாய், நாற்பத்தைந்து நிமிடம் என்று பேசியிருப்பீர்கள். ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொண்டுவந்தால் ‘ஏமாற்றுகிறான்’ என்பீர்களோ என்று பயந்தே அவர் முழு நேரமும் நடத்துகிறார். லேப்ரடாரோடு சேர்த்து உங்கள் பக்கையும் அதே தூரம். அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: நாக்கு விரிந்தால் திரும்பிவிடு, காசு குறையாது. நாக்கு எப்படி விரியும் என்பதையும் ஒருமுறை காட்டிக்கொடுங்கள்.

நிழலில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மரத்தடியில், சுவர் ஓரத்தில் தெருநாய்கள் படுத்து எழுந்த இடம்தான் உண்ணிகள் விழுந்து கிடக்கும் இடம். சுவர் விரிசலில் முட்டையிட்டு, அடுத்த நாய்க்காகக் காத்திருக்கும். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்க்கும் நேரத்தில் உங்கள் நாய் அங்கேதான் முகர்ந்துகொண்டிருக்கிறது. வீடு திரும்பியதும் காதின் உட்புறம், விரல் இடுக்கு, அக்குள், கழுத்துப் பட்டைக்கு அடி என்று நாலு இடம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் குழைத்துப் பூசும் வைத்தியம் இன்னும் ஓயவில்லை. நாய் அதை நக்கினால் வலிப்பு வரும். மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இருக்கின்றன, வலிப்பு நோய் உள்ள நாயென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடந்து வந்த நாய் ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால், உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்க வேண்டும்.

நிழலான ஈர மண் கொக்கிப்புழுவுக்கும் பிடித்த இடம். மலத்தை அள்ளாமல் விட்டால் அதிலிருக்கும் முட்டை பொரித்து, புழு வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் தோலுக்குள் புகும். பை எடுத்துப் போங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பாதையோரத்து அரளியைக் கடிக்க விடாதீர்கள். அழகுக்கு வைக்கும் சைக்கஸ் செடியின் கொட்டைகளும் விஷம், கல்லீரலை ஒரேயடியாகச் சாய்க்கும். தெருநாய்கள் குரைத்து வந்தால் ஓடாதீர்கள், பெல்ட்டை இறுக்காதீர்கள், வந்த வழியே சாதாரணமாகத் திரும்புங்கள். நீண்டு சுருங்கும் ரக பெல்ட் இந்த நேரத்தில்தான் காலை வாரும். ஐந்தடிப் பெல்ட்டே போதும். கடி விழுந்துவிட்டால், ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றே கொண்டுவாருங்கள். உங்களுக்கும் கடியோ கீறலோ பட்டிருந்தால் நீங்களும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.

மழைக்காலத்தில் அதே பாதையின் குட்டைத் தண்ணீர் எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரை நக்கினாலும் போதும், புண்பட்ட பாதம் அதில் நனைந்தாலும் போதும். நாயிடமிருந்து வீட்டில் இருப்பவர்களுக்கும் வரும். “வருஷா வருஷம் ஊசி போட்டுட்டோம் டாக்டர்” என்பவர்களின் புத்தகத்தைப் பிரித்தால் பல நேரம் வெறிநோய் ஊசி ஸ்டிக்கர் மட்டும்தான் இருக்கிறது. லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல் தடுப்பு, சேர்ந்த கூட்டு ஊசி வேறு, அதையும் வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும். இன்று அந்தப் புத்தகத்தை எடுத்து, கடைசிக் கூட்டு ஊசி எந்தத் தேதியில் போட்டது என்று பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே கூட்டிக்கொண்டு வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் வருவதானால் ஆட்டோவில் வாருங்கள், நடத்திக்கொண்டு வர வேண்டாம்.